நண்பருக்காக வைத்தியருக்கு எழுதுவது: 1784-இல் ஒரு கடிதம்

1784 மார்ச் 7 அன்று எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகர மருத்துவப் பேராசிரியர்கள் மூவருக்கு ஒரே வாசகத்தில் கடிதம் எழுதினார். பெற்றவர்கள் வில்லியம் கல்லன், ஜான் ஹோப், அலெக்ஸாண்டர் மன்ரோ. நோயாளி லண்டனில் இருந்த அவருடைய நண்பர், ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன். உங்கள் ஊர் மருத்துவர்களிடம் என் நிலைமையைக் கேட்டுச் சொல்லும் என்று அவர்தான் பாஸ்வெல்லுக்கு எழுதியிருந்தார். மூவருமே மரியாதையாகப் பதில் போட்டார்கள். உம்முடைய நண்பரிடம் ஏதாவது ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்காமல் எனக்கு ஒரு நாள் கழிவதே அபூர்வம் என்றார் ஹோப். ஜான்சனின் அகராதியைத்தான் சொல்கிறார்.

ஆளைப் பார்க்காமல் வைத்தியமா என்று நமக்குத் தோன்றும். அன்று அது சாதாரணம். பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்தது 1816-இல். அதற்கு முன் பெரிய மருத்துவர் நேரில் வந்தாலும் நாடி பிடிப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், சிறுநீரைப் பார்ப்பார். மீதியெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான். கேட்டுத் தெரிவதைத் தாளில் எழுதி அனுப்பினாலும் போதும் என்பதே அந்தக் காலத்துக் கணக்கு. கல்லனின் மருத்துவக் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் எடின்பரோ மருத்துவர் கல்லூரியில் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் திஸ்ஸோ என்ற மருத்துவருக்கு வந்தவை ஆயிரத்துக்கும் மேல். பல கடிதங்களை எழுதியவர் நோயாளி அல்லர்: கணவர், தகப்பனார், பாதிரியார், உள்ளூர் வைத்தியர், நண்பர்.

எழுதுபவர் எதை எழுத வேண்டும்? 1761-இல் வந்த தன் மக்கள் மருத்துவ நூலின் கடைசியில் திஸ்ஸோ ஒரு கேள்விப் பட்டியலே கொடுத்துவிட்டார். வயது என்ன, முன்பு உடம்பு எப்படி இருந்தது, பிழைப்பு என்ன, நோய் எத்தனை நாளாக, எப்படித் தொடங்கியது, நாடி கடினமா மென்மையா, வலி எங்கே, தாகம், வாய்க்கசப்பு, வாந்தி, மலம், சிறுநீர், வியர்வை, தூக்கம், நாக்கு, இதுவரை என்னென்ன மருந்து சாப்பிட்டார், அதனால் என்ன ஆயிற்று. பெண் என்றால் மாதவிலக்கும் கர்ப்பமும். குழந்தை என்றால் பல் முளைத்ததா, பூச்சி உண்டா, அம்மை போட்டதா. இதில் அதிகம் விட்டுப்போவது மருந்துக் கேள்விதான். மருந்தின் பெயரை எழுதுவார்கள், அளவை எழுத மாட்டார்கள்.

பாஸ்வெல்லின் கடிதத்தையே இந்தப் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். வயது 74 என்று இருக்கிறது. போன கோடையில் பக்கவாதம் வந்து ஏறக்குறைய முழுதும் குணமானது, அதற்கு முன்பிருந்தே சளி இருமல், இந்தக் குளிர்காலத்தில் இழுப்பு வந்து மூன்று மாதமாக வீட்டைவிட்டு வெளியேறாதது, கொஞ்சம் குளிர் பட்டாலும் நெஞ்சு இறுகிப் படுக்க முடியாமல் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பது, காலிலும் தொடையிலும் நீர் வீக்கம் எல்லாம் இருக்கின்றன. வரிசையும் சரியாக இருக்கிறது. லாடனம் என்ற அபினிக் கரைசலும் கசகசாச் செடிப் பாகும் கொடுத்தால்தான் தூக்கம் என்கிறார், நரிவெங்காயக் காடியும் நடக்கிறது என்கிறார். எத்தனை சொட்டு, எத்தனை வேளை என்று இல்லை. நாடி இல்லை. சிறுநீர் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீர் கோத்த நோயாளிக்கு அதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்கும். இத்தனைக்கும் எழுதியவர் உலகத்தில் பிறர் பேசியதையெல்லாம் குறித்து வைத்தே பேர் வாங்கியவர்!

அளவு எழுதினாலும் ஆபத்து உண்டு. நோயாளி ஒரு நாளில் இரண்டு பைண்ட் நீர் கழித்தார் என்று லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு எழுதினால் எந்தப் பைண்ட்? ஸ்காட்லாந்துப் பைண்ட் இங்கிலாந்துப் பைண்டைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. எந்த ஊர் அளவு என்று சேர்த்து எழுதினால் பிரச்சினை இல்லை. நாடிக்கும் அதே கவனம் வேண்டும். ஆங்கில மருத்துவர் ஃபிளாயர் 1707-லேயே ஒரு நிமிடம் எண்ணுவதற்கான கடிகாரத்தைப் பற்றி எழுதியிருந்தார். எண்ணினால் எண்ணிக்கையோடு நேரத்தையும், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதையும் குறிப்பது நல்லது.

அடுத்தது மரியாதை. லண்டனில் ஜான்சனை ரிச்சர்ட் பிராக்லெஸ்பி ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாமல் வேறொருவரைக் கேட்டால் இரண்டு மருந்தும் ஒரே வயிற்றுக்குள் போகும், மனக்கசப்பும் வரும். பாஸ்வெல் பிராக்லெஸ்பியின் பெயரைச் சொல்லியே, அவர் எழுதிய விவரத்தைத்தான் தருகிறார். ஹோப் இன்னும் நேராகப் போனார்: பிராக்லெஸ்பி தன் நண்பர் என்பதால் அவருக்கே எழுதிவிட்டார். மூன்று வழிகளில் இதுதான் எனக்குச் சிறந்ததாகப் படுகிறது. கேட்க வேண்டிய கேள்வியைப் படுக்கைக்குப் பக்கத்தில் இருப்பவரிடமே கேட்டுவிடலாமே.

பிறகு காசு. மருத்துவருக்குக் கொடுப்பது கினிக் கணக்கில்; ஒரு கினி 21 ஷில்லிங். அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி அது காணிக்கை, கொடுக்காவிட்டால் மருத்துவர் வழக்குப் போட முடியாது. ஆகவே முதலிலேயே கொடுப்பதுதான் அழகு. பாஸ்வெல் இங்கே கெட்டிக்காரர். இது முறையான ஆலோசனைக்கான அதிகாரம் அல்ல என்று ஒரு வரி. அடுத்த வரியில், லாபம் இல்லாத இடத்திலும் மருத்துவர்கள் மனமுவந்து உதவுவார்கள் என்று ஜான்சனே முன்பு எழுதிய பாராட்டை எடுத்துப் போட்டுவிட்டார். அதைப் படித்த பிறகு யார் கினி கேட்பார்கள்?

தபால் கட்டணத்தை அன்று பெரும்பாலும் பெறுபவரே கொடுத்தார், அதுவும் தூரத்தையும் தாளின் எண்ணிக்கையையும் வைத்து. ஒரு தாளுக்குள் இன்னொரு துண்டை மடித்து வைத்தால் இரட்டைக் கட்டணம். எனவே நோய்க் கதை ஒரே தாளில் அடங்க வேண்டும். தெரிந்த நாடாளுமன்ற உறுப்பினர் இருந்தால் அவர் கையெழுத்தோடு இலவசமாகவே போகும்.

பதில் வந்தால் அதிலிருக்கும் மருந்துச் சீட்டு லத்தீனில் இருக்கும், உள்ளூர் மருந்துக் கடைக்காரர் கலக்க வேண்டும். 20 கிரெயின் ஒரு ஸ்குரூப்பிள், 3 ஸ்குரூப்பிள் ஒரு டிராம், 8 டிராம் ஒரு அவுன்ஸ், 12 அவுன்ஸ் ஒரு பவுண்டு. கடைத்தெருப் பவுண்டுக்கோ 16 அவுன்ஸ். டிராமின் குறியும் அவுன்ஸின் குறியும் ஒன்றுபோலவே இருக்கும். அவுன்ஸுக்கு மேலே ஒரு வளைவு கூட, அவ்வளவுதான். அவசரக் கையெழுத்தில் அந்த வளைவு தவறினால் மருந்து எட்டு மடங்கு மாறிவிடும். போதாததற்கு எடின்பரோவின் மருந்து நூல் வேறு, லண்டனுடையது வேறு. பெயர் ஒன்றாக இருந்தாலும் செய்முறை ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. சீட்டில் எந்த நூல்படி என்று இல்லாவிட்டால் திருப்பிக் கேட்டு எழுதுவதே மேல், சில நாள் போனாலும்.

பதிலின் நகலை மருத்துவரும் வைத்துக்கொள்வார். கல்லன் 1781 முதல் ஜேம்ஸ் வாட்டின் நகல் இயந்திரத்தைப் பயன்படுத்தினார். மை காய்ந்து இறுகுவதற்குள் ஈரமான மெல்லிய தாளை அதன்மேல் வைத்து அழுத்துவது. எழுத்து இடவலம் மாறி ஒட்டும், தாளின் பின்புறம் வழியாகப் படித்தால் நேராகத் தெரியும். அதற்கு முன் எழுத்தர்தான் கையால் நகல் எடுத்தார். வெளியே தெரியக் கூடாத நோய் என்றால் பெயரை எழுதாமல் ‘முப்பது வயதுள்ள ஒரு கனவான்’ என்று எழுதுவதில் அர்த்தம் உண்டு.

கல்லனும் மன்ரோவும் தங்கள் கருத்தையும் மருந்துச் சீட்டையும் பாஸ்வெல்லுக்கு அனுப்பினார்கள். அவர் அவற்றை லண்டனுக்குக் கொண்டுபோய், தைரியம் தரும் பகுதிகளை மட்டும் ஜான்சனிடம் சொன்னார். அந்த வருடம் டிசம்பர் 13-ஆம் தேதி ஜான்சன் இறந்தார்.