ஊழியர்கள் மட்டும்

பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு 'ஊழியம்' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஐயர், அதாவது சபைப் போதகர், செய்வது ஊழியம். வடக்கே மிஷனரியாகப் போவது ஊழியம். மற்றவர்கள் பார்ப்பது வேலை. யாரும் இதை எங்களுக்குப் பாடமாகச் சொல்லித் தந்ததில்லை. ஆனால் ஊழியக்காரர்களுக்குப் பேர் பேராகவும், வேலை பார்ப்பவர்களுக்கு மொத்தமாகவும் ஜெபித்தால் பிள்ளைகளுக்குப் புரியாமலா போகும்?

1903இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு பேசும் டோர்னக்கல் பகுதிக்கு ஆள் அனுப்பிய மண் இது. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. 19 வயதில் ஒரு வாலிபர் முகாமின் கடைசி இரவில், "முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றபோது நானும் எழுந்து நின்றேன். அழுதேன். அந்த அழுகையை இன்றைக்கும் நான் லேசாக நினைப்பதில்லை. ஆனால் வீட்டில் அப்பா இல்லை, தம்பி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்து, ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கியில் சேர்ந்தேன். அதன் பிறகு பல வருஷம், கர்த்தரின் அழைப்புக்குத் தப்பித் தர்ஷீசுக்குக் கப்பல் ஏறிய யோனாவாகவே என்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நைட் டூட்டியைச் சொல்ல வேண்டும். பிரசவம் ஆன பெண் ஒருவருக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று பிரசவ வார்டிலிருந்து சாம்பிள் வந்தது. ஓட்டுகிற அவசரத்தில் லேபிள் கொஞ்சம் கோணலாக இருந்தது. வெள்ளை ஓட்டில் மூன்று சொட்டு ரத்தம் வைத்தேன். ரத்த வகையைக் காட்டும் திரவங்களை அவற்றில் விட்டேன்: ஒன்றில் நீல நிற ஆன்டி-ஏ, அடுத்ததில் மஞ்சள் நிற ஆன்டி-பி, மூன்றாவதில் நிறமில்லாத ஆன்டி-டி. குச்சியால் கலக்கி ஓட்டைச் சாய்த்துப் பார்த்தால், மஞ்சள் விட்ட இடத்தில் ரத்தம் ரவை ரவையாகத் திரண்டது. டி-யிலும் அப்படியே. பி பாசிட்டிவ். பிரிட்ஜில் பி பாசிட்டிவ் பைகளும் இருந்தன.

பழைய ரிஜிஸ்டரைப் புரட்டினேன். கர்ப்ப காலப் பரிசோதனையில் அதே பெண்ணுக்கு ஓ பாசிட்டிவ் என்று எழுதியிருந்தது.

ஓ வகை உடம்பில் பி ரத்தம் ஏறினால் உள்ளே போகிற அணுக்கள் உடைய ஆரம்பிக்கும், சிறுநீரகம் கெடும், உயிரே போகலாம். வார்டுக்குப் போன் செய்து, வேறு ஒருவர் வேறு குழாயில் ரத்தம் எடுத்து அனுப்பச் சொன்னேன். டூட்டி டாக்டர் கத்தினார். "பேஷன்ட் பிளீடிங்ல இருக்காங்க, நீங்க ரிஜிஸ்டரைப் பத்திப் பேசுறீங்க!" அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. அதற்குள் தாமதிக்காமல் இருக்க அவசரத்துக்கு எந்த வகையினருக்கும் கொடுக்கக்கூடிய ஓ நெகட்டிவ் இரண்டு பை கொடுத்தனுப்பினேன். புது சாம்பிள் வந்தது. ஓ பாசிட்டிவ். முதல் குழாயில் இருந்தது பக்கத்துக் கட்டில் பெண்ணின் ரத்தம்.

அந்தத் தாய் பிழைத்து வீட்டுக்குப் போனார். நான் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. அன்று காலை பஸ்ஸில் வரும்போதுகூட, இதற்கும் அழைப்புக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதுதான் இப்போது யோசிக்கும்போது வலிக்கிறது.

31 வயதில், வடக்கே ஒரு மிஷன் பணித்தளத்துக்கு முழுநேரமாக வரச் சொல்லி அழைப்பு வந்தது. தம்பி வேலைக்குப் போய்விட்டான், இனி சாக்கு இல்லை. மூன்று வாரம் உபவாசமும் ஜெபமுமாக இருந்தேன். ஒரு வசனம், ஒரு கனவு, ஏதாவது கிடைக்காதா என்று ஏங்கினேன். எதுவும் வரவில்லை. கடைசியில் எங்கள் ஐயரிடம் போனேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. ஐயரம்மா கொண்டு வந்த காபியைக் குடித்து முடிக்கும் வரை என் வேலையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "சின்னப் பிள்ளை சாமுவேல் மூணு தரமும் ஆசாரியர் ஏலிகிட்டதானம்மா ஓடினான். கூப்பிடுறது கர்த்தர்னு அவனுக்குத் தெரியலை. ஏலிதான் எடுத்துச் சொன்னார். உன் வேலையைப் பக்கத்துல இருந்து பார்க்கிற ஒருத்தர்கிட்ட கேட்டியா?"

கேட்டதில்லை. ஜெபக்குழுவில் கேட்டிருக்கிறேன், அத்தையிடம் கேட்டிருக்கிறேன். ரத்த வங்கியில் யாரிடமும் கேட்கத் தோன்றியதே இல்லை. எங்கள் பொறுப்பு டாக்டர் கிறிஸ்தவர் அல்ல. ராஜினாமா விஷயத்தை அவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "போகணும்னா போங்கம்மா, நான் தடுக்கலை. ஆனா ஒண்ணு சொல்றேன். நைட்ல நீங்க டூட்டின்னா நான் நிம்மதியாத் தூங்குறேன்."

என் ஏலி அவர்தான் என்று நம்புகிறேன்.

பிறகு வேதத்தைப் புரட்டியபோது, பலமுறை வாசித்த பகுதி ஒன்று வேறு மாதிரித் தெரிந்தது. யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தில் கர்த்தர் பேர்சொல்லி அழைத்து, தம் ஆவியினால் நிரப்புகிற பெசலெயேல் ஒரு கைவினைஞன். பொன்னும் வெள்ளியும் மரமும் அறிந்த கை அவனுடையது. பேர்சொல்லி! வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதையையும் மறுபடி யோசித்தேன். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததையும், ஆண் மருத்துவரை உள்ளே விட மூன்று வீட்டாரும் மறுத்ததையும் கூட்டங்களில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம். பிரசங்கம் பெரும்பாலும் அந்த இரவோடு முடிந்துவிடும். அவர் 1899இல் கார்னெல்லில் மருத்துவப் பட்டம் பெறும்வரை பாடப்புத்தகத்தோடு கழித்த இரவுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வேலூரில் மருத்துவப் பள்ளி தொடங்கியது 1918இல். அழைப்பு அந்த ஒரு ராத்திரியில் மட்டுமா இருந்தது?

அடுத்த நாள் டூட்டிக்குப் போனபோது, எங்கள் ரத்த வங்கிக் கதவில் வருஷக்கணக்காகத் தொங்கும் பலகை கண்ணில் பட்டது. 'ஊழியர்கள் மட்டும்.' சபையில் நாம் இரண்டாகப் பிரித்து வைத்ததை இந்த மொழி பிரிக்கவே இல்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். கண் கலங்கியது.

என்னோடு அதே முகாமில் எழுந்து நின்ற தோழி வடக்கே போனாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள். அவள் போனதும் அழைப்பின்படிதான், அதில் எனக்குத் துளி சந்தேகமில்லை. நான் இங்கே இருப்பதில்தான் எப்போதாவது சந்தேகம் எட்டிப் பார்க்கும். அப்போது ஐயர் சொன்னபடி பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்கிறேன். ரிஜிஸ்டரை இன்னும் அதே கவனத்தோடு பார்க்கிறேனா, வார்டிலிருந்து கத்துகிறவர்களிடம் பொறுமையாகப் பேசுகிறேனா என்று என்னையும் கேட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் எங்கள் சபையில் எழுப்புதல் கூட்டம். பிரசங்கியார் ஒப்புக்கொடுக்கிறவர்களை எழுந்து நிற்கச் சொன்னார். எனக்கு முன்வரிசையில் ஒரு நர்சிங் மாணவி அழுதுகொண்டே எழுந்தாள். கூட்டம் முடிந்ததும் அவளைத் தேடிப் போய், எந்த வார்டில் பயிற்சி எடுக்கிறாள் என்று விசாரித்தேன். குழந்தைகள் வார்டு என்றாள். அங்கே என்ன செய்கிறாள், எது பிடித்திருக்கிறது என்று கேட்கக் கேட்க அவள் முகம் தெளிந்தது. இன்னும் பேசியிருப்பேன். எட்டு மணிக்கு எனக்கு டூட்டி இருந்தது.