எலும்புத் துண்டிலிருந்து நீர்யானை: அளவெடுப்பதிலிருந்து சேறு தீட்டும் வரை

இலங்கையில் அழிந்துபோன நீர்யானையை வரைந்து தரச் சொன்னால், நான் முதலில் எடுப்பது அளவுநாடா. இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் 'இல்லம்' எனப்படும் சரளைப் படையில் கிடைத்த பற்களும் எலும்புத் துண்டுகளுமே இந்த விலங்குக்குச் சாட்சி. அவற்றை விவரித்தவர் இலங்கைத் தொல்லுயிரியலாளர் பி. இ. பி. தெரணியகல. இந்த நீர்யானையின் ஹெக்சாபுரோட்டோடொன் என்ற பேரினப் பெயரே முன்பற்கள் ஆறு என்பதைத்தான் சொல்கிறது. ஆபிரிக்க நீர்யானைக்குக் கீழ்த்தாடையில் வெட்டும் பற்கள் 4; இதற்கு 6. வாய் திறந்த ஆபிரிக்கப் படத்தைப் பார்த்து வரைந்தால் முதல் பிழை அங்கேயே விழுந்துவிடும்.

நூதனசாலையில் அனுமதி பெற்றுப் படம் எடுக்கும்போது பலர் அடிமட்டத்தை மண்டையோட்டுக்கு முன்னால் வைக்கிறார்கள். கமரா 1 மீட்டர் தூரத்தில் இருந்து, அடிமட்டம் எலும்பை விட 15 செ.மீ. கிட்ட இருந்தால், 60 செ.மீ. மண்டையோடு 51 செ.மீ. என்றுதான் கணக்கில் வரும். அடிமட்டத்தை எலும்பின் நடுக்கோட்டுக்கு நேரே உயர்த்தி வையுங்கள். 3 மீட்டர் பின்னால் போய் சூம் பண்ணி எடுங்கள். கிட்ட நின்றால் மூக்குப் பக்கமும் வீங்கித் தெரியும்.

10 மடங்கு சுருக்கினால், 3 மீட்டர் உடல் 30 செ.மீ. ஆகி ஏ3 தாளில் அடங்கும். மூன்று டிரேசிங் தாள்கள் வேண்டும். முதலாவதில் உண்மையாகக் கிடைத்த எலும்பு மட்டும். இரண்டாவதில், இந்தியத் துணைக்கண்டத்தின் சிவாலிக், நர்மதைப் பகுதிகளில் கிடைத்த உறவினங்களைக் கொண்டு நிரப்பும் எலும்புகள். மூன்றாவதில் தசையும் தோலும். ஒரே தாளில் எல்லாவற்றையும் போட்டால், எது கிடைத்தது, எது ஊகம் என்பது ஒரு மாதத்தில் வரைந்தவருக்கே மறந்துபோகும்.

மண்டையோட்டை ஒட்டித் தோலை இழுத்துப் போர்த்துவதுதான் இந்த வேலையில் எங்கும் காணும் பிழை. ஆபிரிக்க நீர்யானையின் முதுகுத் தோல் சுமார் 5 செ.மீ. தடிப்பு. நம் அளவில் தசைக்கு வெளியே 5 மி.மீ. விட வேண்டும். வாய் மூடியிருந்தால் கோரைப்பற்கள் உதட்டுக்குள் மறைந்துவிடும். வெளியே நீட்டி வரையாதீர்கள்.

நாலுகால் நடையின் அடிப்படையைக் கற்க, திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் கோட்டைக்குள் திரியும் மான்கள் உதவும். ஆள் பழகியவை என்பதால் ஓடாது. இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால்: மெதுவாக நடக்கும் மானின் வரிசை இதுதான்.

சேற்றுக்குத் தம்பலகாமத்து எருமைகள். வெயில் ஏறிய பிறகு நீரை விட்டு எழும்பும் ஒன்றைக் கால் மணிநேரம் பாருங்கள். முதுகு முதலில் காய்ந்து வெளிறிய சாம்பல் நிறமாகும். கழுத்து மடிப்பிலும் தொடை இடுக்கிலும் ஈரம் நின்று கறுப்பாகவே இருக்கும். அசையும் இடத்தில் காய்ந்த சேறு வெடித்துச் செதிலாக உதிரும். அசையாத விலாவில் தகடாக ஒட்டியிருக்கும். உடல் முழுக்க ஒரே பழுப்பைப் பூசினால் களிமண் பொம்மைதான் மிஞ்சும். ஆனால் அங்குள்ள நீர்ச்செடிகளை அப்படியே வரையக்கூடாது. ஆற்றுவாழையும் சல்வீனியாவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்தவை.

நீர்வர்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாள். 10 நிமிடம் நீரில் ஊறவிட்டு, பிளைவூட் பலகையில் நாலு பக்கமும் பசை நாடாவால் ஒட்டி, படுக்கையாகக் காயவிட வேண்டும். வாடை மழைக் காலத்தில் ஒரு இரவு போதாது. அவசரப்பட்டால் தாள் அலைபோல் எழும்பி, பள்ளத்தில் நிறம் தேங்கிக் கறையாகும். வறண்ட கச்சான் காற்றில் நேர்மாறு: பூசி முடியுமுன் விளிம்பு காய்ந்து கோடு விழும். அந்த மாதங்களில் வானத்தையும் நீரையும் காலை 7 மணிக்கு முன் முடித்துவிடுங்கள்.

நீர்யானையைக் கோணேசர் மலையடியில் நிறுத்தித் தாருங்கள் என்று ஊரில் கேட்பவர்கள் உண்டு. ஆசை புரிகிறது. எலும்பு கிடைத்தது இரத்தினபுரியில். நான் அங்கேயே நிறுத்துகிறேன். சிங்கமும் அப்படித்தான். 1939 இல் தெரணியகல விவரித்த இலங்கைச் சிங்கத்துக்கு ஆதாரம் இரத்தினபுரிக்கு அருகே குருவிட்டப் பக்கம் கிடைத்த இரண்டு பற்கள் மட்டுமே. பிடரி எவ்வளவு அடர்த்தி என்று இரண்டு பல் சொல்லாது. அதனால் புல்லுக்குள் பாதி மறைத்தே வரைகிறேன்.

முடிந்த படத்தை 600 டிபிஐயில் ஸ்கான் செய்து கொடுக்கும்போது, முதல் டிரேசிங் தாளின் பிரதியையும் சேர்த்தே கொடுக்கிறேன்.