தெரியாததை விட்டுவிட்டு வா

மேலூர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். பத்தாம் வகுப்பிலிருந்து பிள்ளைகள் காதில் நாங்கள் ஓதுவது ஒன்றுதான்: “எதையும் விடாத, சூத்திரத்தையாவது எழுதிட்டு வா, ஒரு மார்க்காவது விழும்.” பொதுத்தேர்வுக்கு அது சரி. நீட்டில் கையைச் சுடும். 180 கேள்வி, 180 நிமிடம். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு.

முதல் மாதிரித் தேர்வில் பெரும்பாலானவர்கள் அத்தனை வட்டத்தையும் கறுப்பாக்கிக் கொடுத்துவிடுவார்கள். தெரியாததை விடச் சொன்னால் நம்ப மாட்டார்கள். “சும்மா விட்டுட்டு வந்தா வீட்ல என்ன சார் சொல்றது?” என்பான் ஒருத்தன்.

போன வருஷம் கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவில் ஒரு பெண் எழுந்து நின்றாள். “சார், கண்ண மூடிக்கிட்டுத் தொட்டாலும் நாலுல ஒண்ணு சரியா வரும். 4 கிடைக்கும், 3 போகும். ஒரு மார்க் லாபந்தான?”

கணக்கு சரிதான், மறுக்க முடியாது. ஆனால் கேள்வி எடுப்பவர் விடைகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதில்லை. கரும்பலகையில் ஒரு கேள்வி எழுதினேன்: குவியத் தூரம் 20 செ.மீ. உள்ள குவிலென்சின் திறன் என்ன? மீட்டருக்கு மாற்றினால் 1/0.2, அதாவது 5 டயாப்டர். மாற்ற மறந்தால் 1/20, அதாவது 0.05. அந்த 0.05-உம் விடைகளில் ஒன்றாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். கண்ணை மூடித் தொடுபவனாவது தப்பிப்பான். அரைகுறையாகத் தெரிந்தவன் நேரே போய் அதில்தான் விழுவான். ரெண்டு விடையை அடித்துத் தள்ள முடிந்தால் துணிந்து போடு, இல்லையென்றால் நகரு என்பதில் அவளும் நானும் ஒத்துப்போனோம்.

விடப் பழகியதும் அடுத்த வம்பு வரும். 37-ஐ விட்டவன் 38-இன் விடையை 37-இன் வட்டத்தில் நிரப்புவான். அங்கிருந்து எல்லாம் சரியும். பேனாவால் நிரப்பியதை அழிக்கவும் முடியாது. அதனால் ஓஎம்ஆர் விடைத்தாளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து, விட்ட எண்ணை வினாத்தாளில் சுழித்து வைக்கப் பழக்குகிறேன்.

மாதிரித் தேர்வைக் காலையில் வைப்பதுதான் வழக்கம். மதியத்துக்கு மாற்ற மல்லுக்கட்டினேன். நிஜத் தேர்வு 2 மணியிலிருந்து 5 மணிவரை, அதுவும் மே மாத மதுரை வெயிலில். சாப்பிட்ட அசதியில் மூன்றரைக்குக் கண் சொருகும்போது என்ன செய்வது என்பதும் பயிற்சிதானே? “கீழவளவு போற பொம்பளப் பிள்ளைகளுக்கு பஸ்?” என்றார் தலைமை ஆசிரியர். நியாயமான கேள்வி. ஒரு டீச்சர் கூடப் போய் பஸ் ஏற்றிவிடுவதாக முடிவானது.

2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த பிறகு இதற்கெல்லாம் ஆள் பிடிக்கிற பாடு குறைந்தது. நம்மூர்ப் பிள்ளை டாக்டருக்குப் படிக்கிறது என்று கேள்விப்பட்டால் பெற்றோரே அனுப்பிவைக்கிறார்கள்.

இப்போதைய சண்டை எனக்கும் தாவரவியல் டீச்சருக்கும்தான். எந்தப் பாடத்தில் தொடங்குவது? உயிரியலில் 90 கேள்வி, இயற்பியலில் 45. உயிரியலை முதலில் விறுவிறுவென்று முடித்தால் மிச்சமாகும் நேரம் கணக்குப் போட உதவும் என்கிறார். என் பாடத்தைக் கடைசியில் தள்ளுவதில் எனக்கு மனத்தாங்கல்தான். இருந்தாலும் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை அந்த வரிசையில்தான் எழுதச் சொல்லியிருக்கிறோம்.