ஏழாம் அளவுகோல் ஏன் எப்போதும் மேடத்துக்கு?

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்கின் ஆய்வுக்குழு வரப்போகிறது என்றதும் கல்லூரியில் முதலில் நடப்பது வேலைப் பங்கீடு. மொத்தம் ஏழு அளவுகோல்கள். நான்காவதான உட்கட்டமைப்பும் ஆறாவதான நிர்வாகமும் பெரும்பாலும் ஆண் பேராசிரியர்களிடம் போகும். பாலினச் சமத்துவம் அடங்கிய ஏழாவது பெண்களுக்கு வரும். "மேடம் பொறுமையா செய்வாங்க" என்பார்கள். பாராட்டுப் போலத்தான் இருக்கும். ஆனால் நான்காவதைப் பார்த்தவர் பட்ஜெட், விலைப்புள்ளி, தணிக்கைக் குறிப்பு எல்லாம் பழகிவிடுகிறார். ஏழாவதைப் பார்த்தவரிடம் மிஞ்சுவது நிகழ்ச்சிப் புகைப்படங்களும் வருகைப் பதிவேடும். பின்னாளில் முதல்வர் பதவிக்கான நேர்காணலில் "நிதி நிர்வாகம் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

பெண் தலைமை அரவணைக்கும், ஆண் தலைமை துணிந்து முடிவெடுக்கும் என்று பயிற்சி வகுப்புகளில் பிரித்துச் சொல்கிறார்கள். கல்லூரிக்குள் பார்த்தால், அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி கையிலிருக்கும் அதிகாரத்தால் வருவது. காசோலையில் கையெழுத்திட முடியாதவர் எதையும் பேசி, இணங்கவைத்துத்தான் நடத்த வேண்டியிருக்கிறது. அவரிடமே கொள்முதல் குழுவை ஒப்படைத்தால் முடிவுகள் விரைவாக வரும்.

பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில் சிக்கல் வேறு மாதிரி. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2015 விதிமுறைப்படி, அதன் தலைவர் மூத்த பெண் ஆசிரியர். உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்கள். துறைத்தலைவர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் உறுப்பினராகக் கூடாது. விசாரணை யாருக்கும் பணியாமல் நடக்க இந்த விதி அவசியம். ஆனால் மூத்த பெண்கள் இரண்டே பேர் உள்ள கல்லூரியில், குழுவுக்குப் போகிறவருக்குத் துறைத்தலைமை தள்ளிப்போகிறது. புகாரை 90 நாளில் விசாரித்து முடிக்க வேண்டும். அதற்காக வாராந்தர வகுப்புகளைக் குறைத்துக் கொடுக்கும் கல்லூரிகள் குறைவு. குறைத்தே தீர வேண்டும்.

கொள்முதல், தேர்வு, நிதிக் குழுக்களைச் சுழற்சியில் விடலாம். முதலாண்டு துணைப் பொறுப்பு, அடுத்த இரண்டாண்டு கையெழுத்து அதிகாரத்தோடு முழுப் பொறுப்பு. அதிகாரம் தராமல் பெயரை மட்டும் போட்டால் பழைய ஒருங்கிணைப்பாளரே பின்னாலிருந்து நடத்துவார்.

கூட்டத்தை மாலை நாலரைக்கு வைத்தால், பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டியவர் பாதியில் எழுந்து போவார். பிற்பகல் இரண்டு மணி எல்லோருக்கும் தோது. மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு, எழுதுவது வழக்கமாக இளைய பெண் ஆசிரியர் தலையில் விழுகிறது. எழுதிக்கொண்டிருப்பவரால் வாதாட முடியாது, ஆகவே அதையும் பெயர் வரிசைப்படி எல்லோரும் மாறிமாறி எழுத வேண்டும். கூட்டம் முடிந்தபின் கேன்டீனில் நாலு பேர் கூடி மாற்றும் முடிவுகள்தான் பெண் துறைத்தலைவர்களை அதிகம் முடக்குகின்றன. மினிட்ஸில் இல்லாத எந்த மாற்றத்துக்கும் முதல்வர் ஒப்புதல் தரக்கூடாது.