வெயில் ஆகாத பிள்ளைகள்

இரண்டு வயதுக் குழந்தையின் முகத்தில், காலமெல்லாம் வயலில் நின்ற கிழவரின் தோல்போலப் புள்ளி புள்ளியாகக் கறுப்பு. சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற நோய்க்குப் பெரும்பாலும் அதுதான் முதல் அடையாளம். கவனிக்காமல் விட்டால் பள்ளிக்கூட வயதிலேயே தோல் புற்றுநோய் வந்துவிடும். இதைப் பற்றி முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

நம் மேல் படுகிற அதே வெயில்தான் இந்த நோய் உள்ள பிள்ளைகள் மேலும் படுகிறது. புற ஊதாக் கதிர் பட்டால் டி.என்.ஏ. இழையில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு தைமின்கள் (டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்று தைமின்) ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், இது உங்களுக்கும் எனக்கும் தினமும் நடக்கிறது. நம் செல்லில் சில புரதங்கள் சேர்ந்து அந்த இடத்தைக் கண்டுபிடித்து, முறுக்கைப் பிரித்து, பழுதுக்கு இரண்டு பக்கமும் வெட்டி ஏறக்குறைய 30 எழுத்து நீளத் துண்டையே எடுத்துப் போட்டுவிட்டு, எதிர் இழையைப் பார்த்துப் புதிதாக நிரப்பி ஒட்டிவிடுகின்றன. இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்தக் கூட்டத்தில் ஒரு புரதம் சரியில்லை, அவ்வளவுதான். பழுது அப்படியே நிற்கும், செல் பிரியும்போது பிழையோடு பிரதியாகும், அந்தப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும்.

வியன்னாவில் தோல் மருத்துவர்கள் ஹெப்ராவும் கபோசியும் 1870களிலேயே இந்த நோயை விவரித்துவிட்டார்கள். காரணம் தெரிய 1968 ஆனது. கலிபோர்னியாவில் டி.என்.ஏ. பழுதுபார்ப்பை ஆராய்ந்துகொண்டிருந்த ஜேம்ஸ் கிளீவர், செய்தித்தாளில் இதைப் பற்றிப் படித்துவிட்டு, நோயாளிகளின் தோல் செல்களை வாங்கிச் சோதித்துப் பார்த்தார். மற்ற செல்கள் செய்கிற ரிப்பேரை அவை சரியாகச் செய்யவில்லை. ஒரு பேப்பர் செய்தியிலிருந்து இவ்வளவு பெரிய விஷயம் வந்திருக்கிறது! அப்புறம் அந்த வெட்டும் வேலையைப் படிப்படியாக விளக்கிய அஸீஸ் சன்ஜார், துருக்கியில் சவுர் என்ற சிற்றூரில் பிறந்தவர், 2015 வேதியியல் நோபலை லிண்டால், மோட்ரிச் இருவரோடும் பகிர்ந்துகொண்டார்.

அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வந்தால்தான் நோய், அதனால் பெற்றோர் நன்றாகவே இருப்பார்கள். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்கிற குடும்பங்களில் அப்படி இரண்டும் சேர வாய்ப்பு அதிகம், அத்தை மகன் மாமன் மகள் கல்யாணம் இன்னும் நடக்கிற நம் ஊரில் இதைச் சொல்லாமல் விடக்கூடாது. பிரேசிலில் அராராஸ் என்றொரு விவசாயக் கிராமம். சில குடும்பங்களே தங்களுக்குள் மணந்துகொண்டதில் இந்த நோயின் ஒரு வகை அங்கே பலருக்கு இருக்கிறது. வெயிலில் நின்று நெல் விளைவிக்கிறவர்கள், என்ன நோய் என்றே தெரியாமல் பல வருஷம் அவதிப்பட்டிருக்கிறார்கள். சாபம், பாவம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

முழுதாகக் குணப்படுத்த இன்னும் வழியில்லை. ஆனால் சீக்கிரம் தெரிந்தால் நிறையக் காப்பாற்றலாம். கொஞ்ச நேர வெயிலுக்கே கைக்குழந்தையின் தோல் கொப்பளித்தாலோ, சின்ன வயதிலேயே முகத்தில் புள்ளிகள் வந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். க்ரீம் மட்டும் போதாது. ஜன்னல் கண்ணாடி வழியாகவும் புற ஊதா வரும் என்பதால் அதற்கும் தடுப்பு ஒட்ட வேண்டும், முழுக்கை உடை, கண்ணுக்குக் கண்ணாடி, தொப்பி எல்லாம் வேண்டும். வெயிலே படாததால் வைட்டமின் டி மாத்திரையும் தேவைப்படும். சரி, விளையாட்டு? இருட்டிய பிறகு தாராளமாக விளையாடலாம்.