கேள்விப் பானை

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய மறுவாரம், அண்ணன் பிள்ளைகள் இருவரும் விடுமுறைக்கு என் வீட்டில் வந்து இறங்கினார்கள். வில்லாபுரத்து வெயிலில் அவர்களைத் தெருவில் விட முடியாது. அதனால் மதுரையைப் பற்றி 40 கேள்விகள் எழுதி, ஆட்டத்துக்குப் பத்து வீதம் கேட்கிற சின்னக் கணினி விளையாட்டு ஒன்றை லுவா என்ற நிரல் மொழியில் செய்யத் தொடங்கினேன். கேள்விகளை ஒரு டேபிளில், அதாவது லுவாவின் பட்டியலில், அடுக்கி, ஏதோ ஓர் எண்ணை எடுத்து, அந்த இடத்தில் இருப்பதைத் திரையில் காட்டினால் போதும். ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன். ஐந்து நாள் ஆனது.

முதல் கோளாறு பழக்கதோஷம். வேலைக்காக நான் தினமும் எழுதும் ஜாவாஸ்கிரிப்டில் வரிசை 0-இல் தொடங்கும், லுவாவில் 1. நான் 0 முதல் 39 வரை எண் எடுத்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் ஓடியது. 0 விழுந்தால் மட்டும் அந்த இடத்தில் எதுவும் இல்லை. லுவாவில் இல்லாமைக்குப் பெயர் ‘நில்’. சொன்னபடியே ஆட்டம் நின்றது. 1 முதல் பட்டியலின் நீளம் வரை என்று மாற்றினேன்.

“அத்தை, மகாலைக் கட்டியது யார் என்று இப்போதுதானே கேட்டது?” என்றாள் மூத்தவள். ஒரே ஆட்டத்தில் ஒரே கேள்வி இரண்டு முறை. 40-இல் பத்துதானே, அபூர்வமாகத்தான் நடக்கும் என்று அசட்டையாக இருந்துவிட்டேன். தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தால், எதுவுமே திரும்ப வராமல் பத்தும் முடிவதற்கு வாய்ப்பு 29 சதவீதம்தான். பத்து ஆட்டம் ஆடினால் ஏழில் ஏதாவது ஒன்று மறுபடி தலைகாட்டும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுச் சொல்லும் குடவோலை நினைவுக்கு வந்தது. ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எடுத்த ஓலையை யாரும் மீண்டும் உள்ளே போடுவதில்லை. நான் போட்டுக்கொண்டிருந்தேன்.

மூலப் பட்டியல் கெடக் கூடாதே என்று ‘பானை = கேள்விகள்’ என ஒரு வரி எழுதி, பானையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, எடுத்ததை நீக்கினேன். நான்கு ஆட்டம் அருமையாகப் போனது. ஐந்தாவது ஆட்டம் முதல் கேள்விக்கே படுத்துவிட்டது. எண் எடுக்க இடமே இல்லை என்று பிழைச்செய்தி. மூலப் பட்டியலைத் திறந்து பார்த்தால் அதுவும் காலி! அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகே புரிந்தது. அந்த ஒரு வரி நகல் எடுப்பதில்லை; இருக்கிற டேபிளுக்கு இன்னொரு பெயர் வைக்கிறது. கூடல் என்றாலும் ஆலவாய் என்றாலும் ஊர் மதுரைதான். ஒவ்வோர் ஆட்டத்தின் தொடக்கத்திலும் புதிய டேபிள் ஒன்றைத் திறந்து, கேள்விகளை ஒவ்வொன்றாக அதில் எடுத்துவைக்கும்படி மாற்றினேன்.

இனித் தொல்லை இல்லை என்று இருந்தபோது சின்னவன் கேள்வியைப் படிக்காமலேயே விசைகளைத் தட்டுவதைப் பார்த்தேன். கண் முறுக்குத் தட்டில். விரல் மட்டும் 3, 1, 1, 4 என்று போகிறது. பத்துக்குப் பத்து. மடிக்கணினியில் விளையாட்டைப் புதிதாகத் திறக்கும்போதெல்லாம் கேள்விகள் அதே வரிசையில் வருவதை அவன் எனக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டான். என்னிடம் இருந்தது லுவா 5.3. குலுக்கலைத் தொடங்கிவைக்கும் ‘விதை’ எண் ஒன்றைக் கொடுக்காவிட்டால் அது எப்போதும் ஒரே இடத்திலிருந்து எண்ணத் தொடங்கும். 5.4 தானாகவே விதைத்துக்கொள்கிறது.

விதையாகக் கணினியின் நேரத்தைக் கொடுத்தேன். ஆனால் ஒவ்வொரு கேள்வி எடுக்கும்போதும் ஓடுகிற ஃபங்ஷனுக்குள்ளேயே கொடுத்துத் தொலைத்தேன். அந்த நேரம் நொடிக் கணக்கு. பத்துக் கேள்விகளும் ஒரு நொடிக்குள் எடுக்கப்பட்டு முடிந்துவிடுகின்றன. பத்து முறையும் ஒரே விதை என்பதால் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவையே மொத்தமாக வந்தன. ஓர் ஆட்டம் முழுக்கத் தெப்பக்குளமும் வைகையும். அந்த வரியை நிரலின் உச்சிக்குத் தூக்கி, ஒரே ஒரு முறை ஓடவிட்டதும் அடங்கியது.

அன்று மாலை ஆயிரங்கால் மண்டபத்தில் எத்தனை தூண்கள் என்ற கேள்வியோடு ஆட்டம் தொடங்கியது. சின்னவன் 1000 என்று தட்டித் தோற்றான்; விடை 985. அடுத்த ஆட்டத்திலும் முதலில் வந்தது அதே தூண்தான்.

“இன்னும் சரியாகவில்லை அத்தை,” என்றாள் மூத்தவள்.

40-இல் ஒரு முறை இப்படியும் நேரும், குலுக்கல் என்றால் அப்படித்தான் என்று விளக்கிப் பார்த்தேன். அவள் முகம் மாறவில்லை. போன ஆட்டத்தின் முதல் கேள்வியே மறுபடி முதலில் வந்தால் வேறொன்றை எடு என்று ஒரு வரி சேர்த்தேன். கணக்குப்படி பார்த்தால் குலுக்கல் இப்போதுதான் கோணலாகியிருக்கிறது. அவள் திருப்தியாக ஆட உட்கார்ந்தாள்.