169 நாள்

2023 அக்டோபர் 10-ஆம் தேதி என் தம்பிக்கு 1 வருடம் தண்டனை விழுந்தது. திருட்டு வழக்கு. அவன் செய்தது தப்பு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தீர்ப்புக்கு முன்பே அவன் உள்ளே இருந்த நாட்களைத் தண்டனையில் கழிக்க வைப்பதற்குள் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

அவன் மேல் இரண்டு வழக்கு. 2022 மார்ச் 11-ல் முதல் வழக்கில் ரிமாண்ட். உள்ளே இருக்கும்போதே ஏப்ரல் 5-ஆம் தேதி பி.டி. வாரன்ட்டில் (சிறையில் இருப்பவரை இன்னொரு வழக்குக்காகக் கொண்டுவரச் சொல்லும் கோர்ட் உத்தரவு) வேறு கோர்ட்டுக்குக் கொண்டுபோய் இரண்டாவது வழக்கிலும் ரிமாண்ட் செய்தார்கள். செப்டம்பர் 20-ல்தான் இரண்டிலும் ஜாமீனில் வந்தான். பிறகு முதல் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். சிறையில் இருந்த காலமே தண்டனை என்று முடித்துவிட்டார்கள். இந்த 1 வருடம் இரண்டாவது வழக்கில் வந்தது.

தீர்ப்புக்குப் பிறகு முதல் தடவை சிறையில் அவனை மனு போட்டுப் பார்க்கப் போனபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகம் செத்துப்போய் நின்றான். "அக்கா, ஹிஸ்டரி டிக்கெட்ல அடுத்த அக்டோபர்னு போட்டிருக்காங்க. பழைய நாள் ஒண்ணுகூட கழிக்கல" என்றான். கைதியின் தண்டனையும் விடுதலை நாளும் எழுதி வைக்கும் சிறை அட்டைதான் ஹிஸ்டரி டிக்கெட்.

சிறை அலுவலகத்தில் கேட்டேன். கோர்ட்டிலிருந்து வந்த தண்டனை வாரன்ட்டை எடுத்துக் காட்டினார்கள். ஏற்கனவே காவலில் இருந்த காலம் என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்திருந்தது, அவ்வளவுதான். அந்தச் சின்னக் கோட்டில் என் தம்பியின் அஞ்சரை மாதம் போயிருந்தது. நாட்களைச் சொன்னேன். "அதை முதல் கேஸ்லயே கழிச்சாச்சும்மா. ஒரே நாளை ரெண்டு தடவை எப்படிக் கழிக்கிறது?" என்றார் அங்கிருந்தவர். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பதில் சொல்லத் தெரியாமல் பஸ் ஏறினேன்.

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொன்னது, நான் தைத்துக் கொடுக்கும் ஒரு டீச்சர். சிறையில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். எங்களுக்குக் கிடைத்த வக்கீலம்மா முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "2001-லயே சுப்ரீம் கோர்ட் இதுக்குப் பதில் சொல்லிடுச்சு" என்றார். நஜாகத் அலி வழக்கு. ஒரே நேரத்தில் இரண்டு வழக்கில் விசாரணைக் கைதியாக இருந்தால், அந்த நாட்களை இரண்டு தண்டனையிலும் கழிக்கலாம். முதல் வழக்கில் கழித்துவிட்டார்கள் என்பதற்காக இரண்டாவதில் மறுக்க முடியாது. அதற்கு முன் 1984-ல் வேறு மாதிரி சொல்லியிருந்த தீர்ப்பையும் இதில் மாற்றிவிட்டார்கள்.

ஆனால் இரண்டாவது வழக்கின் கணக்கு ஏப்ரல் 5-லிருந்துதான் தொடங்கும். மார்ச் மாதத்து நாட்கள் கிடைக்காது. அந்த வழக்கில் ரிமாண்ட் ஆன நாள்தான் முக்கியம். அதற்கு நகல் மனு போட்டு, ரிமாண்ட் உத்தரவும் ஜாமீன் உத்தரவும் வாங்கவே டிசம்பர் ஆகிவிட்டது. வக்கீலம்மா மேஜையில் கிடந்த தினசரி காலண்டரில் நானே விரல் வைத்து எண்ணினேன். ஏப்ரலில் 26, மே 31, ஜூன் 30, ஜூலை 31, ஆகஸ்ட் 31, செப்டம்பரில் 20. மொத்தம் 169.

தண்டனை கொடுத்த கோர்ட்டிலேயே, குற்றவியல் நடைமுறைச் சட்டம் 428-ஆம் பிரிவில் மனு போட்டார். (2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் இது 468-ஆம் பிரிவு.) மூன்று வாய்தா போனது. பிப்ரவரியில் 169 நாளையும் கழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

அபராதம் 2,000 ரூபாயை முன்பே கட்டியிருந்தேன். அதைக் கட்டாமல் விட்டால் அனுபவிக்கும் சிறைக்கு இந்தக் கழிவு கிடையாது.

உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நான்கு முறை நேரில் போய்க் கேட்டேன். ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் காலை, துணிப்பையோடு சிறை வாசலில் வந்து நின்றான். அன்று அவனுக்காக மீன் குழம்பு வைத்திருந்தேன்.